நெய்யூர் டாக்டரின் சட்டைப்பை கேமரா

கேமரா கேள்வி-பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மலையைப் பற்றியவை. அக்டோபர் நேபாளப் பயணத்துக்கு ஆட்கள் டிக்கெட் போட ஆரம்பித்துவிட்டார்கள் என்று அர்த்தம். ஒரே மாதிரி கேட்டவற்றைச் சேர்த்து, மிச்சத்துக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

நானும் கணவரும் அக்டோபரில் அன்னபூர்ணா பேஸ் கேம்ப் போகிறோம். எனக்கு 54 வயது. வீட்டில் நிக்கான் டி750 இருக்கிறது. 24-70, 70-200 இரண்டும் எஃப் 2.8 லென்ஸ்கள். "அதெல்லாம் தூக்க முடியாதும்மா, ஒரு சின்ன கம்பாக்ட் வாங்கிக்கோ" என்கிறான் மகன். "இமயமலைக்குப் போய்ச் சின்னக் கேமராவா?" என்கிறார் கணவர். யார் சொல்வதைக் கேட்பது?
ஓர் ஆசிரியை, தேனி

டீச்சர், முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். கேமராவையும் லென்ஸ்களையும் ஒரு பையில் போட்டுத் தெருமுனை மளிகைக் கடைக்குக் கொண்டுபோய்த் தராசில் வையுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2016-ல் நான் இதே பயணத்துக்குக் கிளம்பும்போது அப்படித்தான் செய்தேன். உங்களிடம் இருக்கும் மூன்றோடு ஒரு 14-24-ம் சேர்த்தி. பாடி 840 கிராம், 24-70 தொள்ளாயிரம், 14-24 கிட்டத்தட்ட ஒரு கிலோ, 70-200 மட்டும் ஒன்றரைக் கிலோவுக்கு மேல். மொத்தம் நாலே கால் கிலோ காட்டியது. ஸ்டாண்டும் பையும் இதில் சேரவில்லை. கடைக்காரர் தராசையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இம்புட்டையும் தூக்கிக்கிட்டா மலையேறப் போறீய அண்ணாச்சி? இதுக்கு ரெண்டு தேங்காய்ச் சிப்பம் தூக்கலாமே" என்றார்.

நான் கேட்கவில்லை. தக்கலையில் 27 வருஷம் ஸ்டுடியோ நடத்தியவன். முகூர்த்த நாளில் விடியற்காலை நாலு மணி முதல் இரவு ரிசப்ஷன் முடியும்வரை இரண்டு கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றவனுக்கு நாலு கிலோ ஒரு பொருட்டா என்ற எண்ணம். கல்யாண மண்டபத்தில் கல்படிகள் இல்லை என்பது சோம்ரோங் போன பிறகுதான் உறைத்தது. அந்த ஊரிலிருந்து ஆற்றங்கரை வரை படியாகவே இறங்க வேண்டும். இறங்கியதையெல்லாம் எதிர்க்கரையில் மறுபடி ஏற வேண்டும். திரும்பி வரும்போது இதே கதை தலைகீழாக.

பாரம் முதலில் முழங்காலைத்தான் பிடிக்கும் என்று நினைப்போம். எனக்கு முதலில் போனது ஆசை. ஊருக்கு வந்து படங்களைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தேன். முதல் நாள் 212 படம். எல்லாம் கழுதைக் கூட்டமும், படிக்கல்லும், டீக்கடைப் பாட்டியும். இரண்டாம் நாள் 140. மூன்றாம் நாள் 63. நாலாம் நாள், தேவுராலியிலிருந்து பேஸ் கேம்ப் ஏறிய அன்று, 17. அந்தப் பாதையிலேயே அழகான பகுதி அதுதான். இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, நடுவே மோதி கோலா ஆறு, பாறையிலிருந்து நூல் நூலாக அருவிகள். அங்கே நான் 17 தடவைதான் பையைத் திறந்திருக்கிறேன். மழை உறையைக் கழற்று, இடுப்புப் பட்டையை அவிழ், முதுகுப் பையை இறக்கு, ஜிப்பைத் திற. ஒவ்வொரு தடவையும் "அடுத்த வளைவில் இதைவிட நன்றாக இருக்கும்" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு நடந்திருக்கிறேன்.

2022-ல் மறுபடி போனேன். சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7 ஒன்றே ஒன்று. பேட்டரியோடு 302 கிராம். இரண்டு ஆப்பிள் கனம். முதுகுப் பையின் தோள்பட்டையில் ஒரு சின்ன உறை தைத்துக்கொண்டு அதில் செருகி வைத்தேன். அதே நாலாம் நாள், அதே தேவுராலி: 188 படம். அத்தனையும் நல்ல படங்கள் என்று சொல்லவில்லை. ஆனால் எடுத்திருக்கிறேன்.

ஆகவே என் ஓட்டு உங்கள் மகனுக்கு. ஆனால் "சின்னக் கேமரா" என்று மட்டும் சொல்லிக் கடைக்குப் போகாதீர்கள். ஜூம் இல்லாத கம்பாக்டுகள் இருக்கின்றன. ரிகோ ஜிஆர்3 அருமையான கேமரா. உள்ளே ஏபிஎஸ்-சி எனும் பெரிய சென்சார் (படத்தைப் பதிக்கும் சில்லு), எடை 257 கிராம்தான். ஆனால் அதன் லென்ஸ் 28 எம்.எம். கோணம். (இந்த எண் குறைந்தால் காட்சி அகலும், கூடினால் தூரத்தில் இருப்பது பெரிதாகும்.) அதில் பேஸ் கேம்பிலிருந்து தெரியும் மச்சாபுச்ரே சிகரம், தோசைக்கல்லுக்குப் பின்னால் தெரியும் உப்பு டப்பா அளவுக்குத்தான் இருக்கும். மலை நம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது. அகலக்கோண லென்ஸுக்கு அது தொலைவில் இருக்கும் ஒரு பல். நான் பேஸ் கேம்பில் எடுத்ததில் சட்டம் போட்டு மாட்டியவை எல்லாம் 80 முதல் 150 எம்.எம்.முக்குள் எடுத்தவைதான். 24-லிருந்து 200 வரை போகும் கம்பாக்டை நான் சொல்வதற்கு அதுதான் காரணம்.

கணவர் விடாப்பிடியாக இருந்தால் டி750-ஐ அவரே தூக்கட்டும். 70-200-ஐ வீட்டில் பூட்டிவைத்துவிட்டு, 24-85 விஆர் லென்ஸ் ஒன்று பழையதாகக் கிடைத்தால் மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். 465 கிராம்தான், இரண்டும் சேர்த்து ஒன்றே கால் கிலோவைக் கொஞ்சம் தாண்டும். கேமராப் பையை மட்டும் போர்ட்டரிடம் கொடுக்காதீர்கள். அவர் உங்களுக்கு ஒரு மணி நேரம் முன்னால் விடுதி போய்ச் சேர்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார், உங்கள் கேமராவோடு.

இன்னொன்று. பேஸ் கேம்பில் சூரியன் மச்சாபுச்ரேவின் பின்னாலிருந்துதான் வரும். காலை வெளிச்சம் அன்னபூர்ணா பக்கத்துச் சிகரங்களுக்கு. மச்சாபுச்ரே சிவப்பது மாலையில். காலையில் எடுத்துவிட்டுக் கீழே ஓடிவிடாமல், முதல் நாள் மதியத்துக்குள் மேலே போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

சென்சார் பெரிதானால் படம் நன்றாக இருக்கும் என்று நீங்களே பல முறை எழுதியிருக்கிறீர்கள். ஒரு இஞ்ச் சென்சாரில் எடுத்த மலைப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டால் உடையாதா?
பாளையங்கோட்டை வாசகர்

எழுதியது நான்தான். மறுக்கவில்லை. ஃபுல் ஃப்ரேம், அதாவது டி750 மாதிரிக் கேமராவின் சென்சார், 36-க்கு 24 மில்லிமீட்டர். ஆர்எக்ஸ்100-ல் இருக்கும், ஒரு இஞ்ச் என்று சொல்லப்படுவது 13.2-க்கு 8.8. (ஒரு இஞ்ச்சில் பாதிதான் இருக்கிறது, பெயரை யார் வைத்தார்களோ.) பரப்பில் ஏழு மடங்குக்கு மேல் வித்தியாசம். இருட்டு மண்டபத்தில், ஆளுக்குப் பின்னால் மங்கலாகப் போக வேண்டிய இடத்தில், அந்த ஏழு மடங்கும் கையில் கிடைக்கும்.

மலையில் கணக்கு வேறு. காலடியில் ஒரு பாறை, நடுவில் குடிசை, பின்னால் சிகரம், மூன்றும் கூர்மையாக வர வேண்டும். ஃபுல் ஃப்ரேமில் அதற்கு லென்ஸின் துளையை எஃப் 11 வரை மூட வேண்டும் (எஃப் எண் கூடக் கூடத் துளை சின்னதாகும்). ஒரு இஞ்ச் கேமராவில் எஃப் 4-லேயே அதே ஆழம் வந்துவிடும், ஏனென்றால் அதன் நிஜமான லென்ஸ் நீளம் அவ்வளவு குட்டை. எஃப் 4-க்கும் எஃப் 11-க்கும் நடுவே மூன்று ஸ்டாப், ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் பாதியாகும். வெளிச்சம் எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. கையில் பிடித்து எடுக்கிறீர்கள் என்றால் ஷட்டரைக் குறைக்க முடியாது, ஐஎஸ்ஓவை, அதாவது சென்சாரின் உணர்திறனை, எட்டு மடங்கு ஏற்றியாக வேண்டும்; ஏற்றினால் படத்தில் புழுதி மாதிரிப் புள்ளிகள் வரும். பெரிய சென்சார் கொடுத்த ஏழு மடங்கு லாபத்தை ஐஎஸ்ஓ வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. கூட்டிக் கழித்தால் இரண்டும் சமம், எடையைத் தவிர.

ஸ்டாண்டு போட்டால் பேச்சே மாறிவிடும். ஐஎஸ்ஓவைக் குறைந்தபட்சத்தில் வைத்து அரை விநாடி, ஒரு விநாடி என்று திறந்து வைக்கலாம். அப்போது பெரிய சென்சார் நிஜமாகவே ஏழு மடங்கு வெளிச்சத்தைக் குடிக்கும். நிழலான இடத்தைப் பிறகு வெளிச்சமாக்கினாலும் புழுதி வராது. நட்சத்திரம் எடுப்பதற்கும் அப்படித்தான். அங்கே கம்பாக்ட் பக்கம் நான் பேச மாட்டேன். முன்னால் எதுவும் இல்லாமல் தூரத்து மலை மட்டும் என்றால், பெரிய கேமராவிலும் எஃப் 5.6-ல் எடுக்கலாம்; அப்போதும் அதற்குக் கொஞ்சம் லாபம் உண்டு. ஆகவே, வாசகரே, ஸ்டாண்டையும் சேர்த்துத் தூக்கத் தயாரா என்பதுதான் கேள்வி. ஸ்டாண்டை வீட்டில் வைத்துவிட்டு ஃபுல் ஃப்ரேமை மட்டும் மலைக்குக் கொண்டுபோவது, பந்திக்கு வாழை இலையை எடுத்துக்கொண்டு சோற்றை மறந்த கதை.

கம்பாக்டில் ஒரு எச்சரிக்கை: பழக்கதோஷத்தில் எஃப் 8, எஃப் 11 என்று மூடாதீர்கள். அவ்வளவு சின்ன சென்சாரில் 5.6-ஐத் தாண்டினாலே படம் மழுங்க ஆரம்பிக்கும். எஃப் 4-ல் விடுங்கள்.

பிரிண்ட் பற்றி: அந்தக் கேமராவின் படம் 5472-க்கு 3648 புள்ளி. இஞ்ச்சுக்கு 300 வீதம் போட்டால் 18-க்கு 12 இஞ்ச் வருகிறது. நம் கல்யாணக் கரிஷ்மா ஆல்பத்தில் ஒரு பக்கம் சரியாக அந்த அளவு. ஹாலில் சோபாவுக்கு மேலே 24-க்கு 36 மாட்டினாலும் நாலடி தள்ளி நின்று பார்ப்பவர் குறை சொல்ல மாட்டார். மூக்கை வைத்துப் பார்ப்பவர் போட்டோகிராபராகத்தான் இருப்பார். அவருக்குக் காபி கொடுத்து உட்கார வையுங்கள்.

போன் போதாதா சார்?
கோவை வாசகர்

பகலில், அகலக் காட்சிக்கு, போதும். தூரத்துச் சிகரத்தைப் பெரிதாக்கினால் பாறைக்குப் பதில் மெழுகு மாதிரி ஏதோ ஒன்று வரும். கையுறையோடு தொட்டால் பெரும்பாலான போன் திரைகள் கேட்காது. எல்லாவற்றையும்விட, குளிரில் 40 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும் பேட்டரி திடீரென்று அணைந்துபோகும். வழி தவறினால் கூப்பிட வேண்டிய சாதனம் அது. அதையே படத்துக்கும் தேய்க்காதீர்கள்.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் இருந்த வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் எவரெஸ்ட் ஏறியவர், அங்கே தொலைந்த கேமராவே அவருடையதுதான் என்று தாத்தா சொல்வார். உண்மையா? அந்தக் காலத்தில் மலைக்கு என்ன கேமரா கொண்டுபோனார்கள்?
கல்லூரி மாணவர், நெய்யூர்

தம்பி, உங்கள் தாத்தா சொன்னது உண்மை, உச்சியை மட்டும் அவர் தொடவில்லை. நான் பக்கத்துத் தக்கலைக்காரன். எங்கள் வீட்டுக் கிழவிகளும் "சோமர்வெல் டாக்டர்" என்றால் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள்.

ஹோவர்ட் சோமர்வெல் லண்டனில் பயின்ற அறுவை மருத்துவர். 1922-ல் எவரெஸ்ட் பயணத்துக்கு வந்தவர், அது முடிந்ததும் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கும்போது நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கூட்டம் கூட்டமாக நோயாளிகள், அறுவைக்கு ஒரே ஆள். அதைப் பார்த்துவிட்டு இங்கேயே தங்க முடிவு செய்தார். 1924-ல் மறுபடி எவரெஸ்ட். ஜூன் 4-ம் தேதி, குழுவில் இருந்த நார்ட்டனும் இவரும் ஆக்சிஜன் இல்லாமல் ஏறினார்கள். தொண்டை அடைத்துக்கொண்டதால் இவர் நின்றுவிட்டார். நார்ட்டன் மட்டும் 8,573 மீட்டர் வரை போய்த் திரும்பினார். அந்த உயரத்தில் நார்ட்டன் தனியாகச் சரிவில் நடக்கும் படத்தை எடுத்தவர் சோமர்வெல். இறங்கும்போது மூச்சே நின்றுபோகிற நிலை. தன் நெஞ்சைத் தானே அமுக்கி, தொண்டையை அடைத்திருந்ததை இருமித் துப்பிவிட்டுப் பிழைத்தார்.

கீழே வந்தவர் தன் கேமராவை அதே குழுவின் ஜார்ஜ் மாலரிக்குக் கொடுத்தார். கோடாக் வெஸ்ட் பாக்கெட். பெயரிலேயே இருக்கிறது, கோட்டுக்குள் போடும் அரைச்சட்டையின் பையில் வைக்க மடங்கும் கேமரா. ஜூன் 8-ம் தேதி மாலரியும் கூட்டாளி இர்வினும் மேலே போனார்கள், திரும்பவில்லை. 1999 மே 1-ம் தேதி மாலரியின் உடல் கிடைத்தது. கேமரா அவரிடம் இல்லை. 2024 செப்டம்பரில் இர்வினின் பெயர் தைத்த காலுறையோடு ஒரு பூட்ஸும் பாதமும் பனியாற்றில் கிடைத்தன. கேமரா அதிலும் இல்லை. அந்த இருவர் உச்சியைத் தொட்டார்களா என்பதற்குச் சாட்சி அந்தப் படச்சுருளில் இருக்கலாம் என்றுதான் இன்னும் தேடுகிறார்கள்.

அதே 1924 பயணத்தில் பெரிய கேமராவும் இருந்தது. ஜான் நோயல் என்பவர் சினிமா கேமராவும் நீண்ட டெலி லென்ஸும் வைத்துக்கொண்டு, மைல் கணக்கில் தள்ளியிருந்து மேலே போகிறவர்களைப் படம் பிடித்தார். கனமானது கீழே நின்று பார்த்தது, சட்டைப்பைக்குள் போவது மேலே போனது. 1953-லும் அப்படித்தான். உச்சியில் டென்சிங் கோடாலியைத் தூக்கிக்கொண்டு நிற்கும் படத்தை ஹிலாரி எடுத்தது மடக்கும் கோடாக் ரெட்டினா ஒன்றில், அதுவும் செகண்ட் ஹாண்டில் வாங்கியது. குளிரில் உறையாமல் இருக்கச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஏறினார்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். சோமர்வெல்லின் அந்தப் பாக்கெட் கேமராவின் நெகட்டிவ் கிட்டத்தட்ட 4-க்கு 6.5 சென்டிமீட்டர். இன்றைக்கு நாம் தோள் வலிக்கத் தூக்கும் ஃபுல் ஃப்ரேமைவிடப் பரப்பில் மூன்று மடங்கு.

சோமர்வெல் நெய்யூரில் 1940-களின் கடைசி வரை இருந்தார். பிறகு வேலூர் சிஎம்சியில் சொல்லிக்கொடுத்தார். காரக்கோணத்தில் இருக்கும் மருத்துவக் கல்லூரிக்கு அவர் பெயர்தான். தாத்தாவிடம் இன்னும் கேட்டு எழுதி வையுங்கள் தம்பி.

குளிரில் கேமராவுக்கு என்ன முன்னெச்சரிக்கை? சின்னக் கேமரா சீக்கிரம் செத்துவிடும் என்கிறார்களே?
திருச்சி வாசகி

பேட்டரி விஷயத்தில் அது உண்மை. டி750 ஒரு சார்ஜில் 1,230 படம் என்பது கம்பெனிக் கணக்கு. ஆர்எக்ஸ்100 மார்க் 7-க்கு 260. கண்ணாடி வழியாகப் பார்க்கும் கேமராவுக்குப் பார்ப்பதற்கு மின்சாரம் வேண்டாம், இதற்குத் திரை எரிந்தால்தான் பார்வையே. குளிரில் அந்த 260-ம் குறையும். நாலு பேட்டரி வாங்குங்கள், ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவுதான். பகலில் உள்சட்டைப் பையில், இரவில் ஸ்லீப்பிங் பேகுக்குள். மேலே போகப் போக விடுதிகளில் சார்ஜ் போடக் காசு கேட்பார்கள். விமானத்தில் உதிரி பேட்டரிகளைக் கையோடு கொண்டுபோகும் பையில்தான் வைக்க வேண்டும்; செக்-இன் பெட்டியில் போட்டால் பெட்டியைத் திறக்கச் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

பேட்டரியைவிடப் பெரிய எதிரி வியர்வை. கேமராவின் வியர்வையைச் சொல்கிறேன். 2016-ல் பேஸ் கேம்பில் நாலரை மணிக்கு எழுந்து வெளியே ஸ்டாண்டு போட்டு நின்றேன். விரல் மரத்துப்போனது. ஐந்து நிமிஷம் சூடாகலாம் என்று கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே சாப்பாட்டுக் கூடத்துக்குள் போனேன். உள்ளே முப்பது பேரின் மூச்சு, சமையலறை ஆவி, மேஜைக்கு அடியில் அடுப்பு. இஞ்சி டீயை வாங்கிக் குனிந்து பார்த்தால் லென்ஸ் முழுக்கப் பால் ஊற்றியது மாதிரி. துடைத்தேன், மறுபடி படிந்தது. பதறிப்போய் வெளியே ஓடினேன். அதுதான் தப்பு. படிந்திருந்த ஈரம் வெளிக்காற்றில் அப்படியே மெல்லிய பனித்தகடாக உறைந்துவிட்டது. மூச்சை ஊதிக் கரைக்கப் பார்த்தேன், அதுவும் உறைந்தது. அன்னபூர்ணா சவுத்தின் உச்சி சிவந்து, பொன்னாகி, வெளுத்து முடியும்வரை நான் வேட்டியை நினைத்துக்கொண்டு நின்றேன். பழைய மல் வேட்டித் துண்டு ஒன்று இருந்திருந்தால் சுரண்டாமல் துடைத்திருக்கலாம்.

உள்ளே போவதற்கு முன் வெளியிலேயே கேமராவை ஜிப் கவரில் போட்டுக் காற்றை அமுக்கி மூடிவிடுங்கள். ஈரம் கவரின் மேல் படியும், கேமராவில் படியாது. அரை மணி கழித்துத் திறக்கலாம். இட்லி மாவு வாங்க வைத்திருக்கும் கவர் கம்பாக்டுக்குத் தாராளம்; பெரிய கேமராவுக்கு அரிசிப் பை அளவு கவர் தேட வேண்டும்.

படத்தில் பனி வெள்ளையாக வராமல் சாம்பல் நிறமாக விழுகிறது என்று நாலைந்து பேர் எழுதியிருக்கிறீர்கள். கேமரா எல்லாவற்றையும் சாம்பலாக்கத்தான் பார்க்கும். எக்ஸ்போஷரை ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்டுங்கள். அவ்வளவுதான்.

மூணாறு போகிறேன். வரையாடு எடுக்க 150-600 லென்ஸ் வாடகைக்கு எடுக்கலாமா?
விருதுநகர் வாசகர்

இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குத்தானே? வனத்துறை பஸ்ஸில் ராஜமலை வரை கொண்டுபோய் விட்டுவிடுவார்கள், தூக்கும் வேலையே இல்லை. பெரிய கேமரா எடுத்துப் போங்கள். ஆனால் 600 எதற்கு? அங்கே வரையாடு ரோட்டோரமே வந்து நம்மை வேடிக்கை பார்க்கும். 70-200 போதும், ஆட்டோடு அதன் பின்னால் இருக்கும் மலையும் வரும். குட்டி போடும் காலம் என்று பிப்ரவரி, மார்ச்சில் பெரும்பாலும் மூடிவிடுவார்கள், தேதி விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். முன்பே சொல்கிறேன், அருகில் வருகிறதே என்று பிஸ்கட் நீட்டாதீர்கள்.

போன வருஷம் ஃபுல் ஃப்ரேம் வாங்கச் சொல்லி எழுதினீர்கள். நம்பி வாங்கினேன். இப்போது சின்னக் கேமரா புராணம் பாடுகிறீர்கள். இது நியாயமா?
மதுரை வாசகர்

கோபம் புரிகிறது. நீங்கள் கேட்டது கொழுக்குமலைச் சூரிய உதயத்துக்கு. சூரியநெல்லியிலிருந்து ஜீப்தான் குலுக்கிக் குலுக்கி மேலே கொண்டுபோகிறது. இறங்கி ஸ்டாண்டு போட வேண்டியதுதான் வேலை. மேகம் கீழே பஞ்சாகக் கிடக்கும், நின்று நிதானமாக எடுக்கலாம். அதற்கு இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். டயர் தூக்கும் மலைக்குப் பெரிய கேமரா, கால் தூக்கும் மலைக்குச் சின்னது.

நடுவழியும் உண்டு. ஃபுல் ஃப்ரேமிலேயே நிக்கான் இசட்6-ம் 24-70 எஃப் 4-ம் சேர்ந்து 1,175 கிராம். ஃபூஜி எக்ஸ்-டி30-ம் 18-55-ம் என்றால் 700-க்குள். இரண்டு நாள் நடைக்கு நான் ஃபூஜிதான் எடுத்துப் போகிறேன்.

கேலன் ரோவல் என்ற அமெரிக்கர், மலை ஏறியவர், படமும் எடுத்தவர். மற்றவர்கள் பெரிய ஃபிலிம் கேமராவைச் சுமந்த காலத்தில் 35 எம்.எம். கேமராவோடு மலையில் ஓடினார். உவமைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே ஓடினார். 1981-ல் லாசாவில் வானவில் ஒன்று தோன்றியபோது, அதன் கால் பொட்டாலா அரண்மனை மேல் விழுகிற இடத்தைக் கணக்குப் பண்ணி அங்கே ஓடிப்போய் நின்று எடுத்தார். 3,600 மீட்டர் உயரத்தில். என் நாலே கால் கிலோப் பையோடு அங்கே நான் நடந்திருந்தாலே அதற்குள் மழை விட்டிருக்கும்.

உங்கள் ஃபுல் ஃப்ரேமை விற்றுவிடாதீர்கள். நல்ல கேமரா.

பழைய கம்பாக்ட் வாங்கலாமா? என்ன பார்த்து வாங்க வேண்டும்?
நாகர்கோவில், சேலம், ஈரோடு வாசகர்கள்

தாராளமாக வாங்கலாம். புதிதாக இப்போது ரகமே குறைந்துவிட்டது, போன் சாப்பிட்டுவிட்டது.

கடைக்குப் போனதும் பளபளப்பைப் பார்க்காதீர்கள். கேமராவைப் பத்துத் தடவை ஆன் பண்ணி ஆஃப் பண்ணுங்கள். லென்ஸ் நீளும்போது காதருகே வைத்துக் கேளுங்கள். நறநறவென்றால் உள்ளே மணல். கடற்கரை போய் வந்த கேமரா, வேண்டாம். பிறகு எஃப் 11-க்கு மூடி, முழு ஜூமில், வெள்ளைச் சுவரையோ வெறும் வானத்தையோ எடுத்துத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்புப் புள்ளி தெரிந்தால் சென்சாரில் தூசி. லென்ஸ் கழற்ற முடியாத கேமராவில் அதை நாமாகத் துடைக்க வழியில்லை, முழுதாகப் பிரிக்க வேண்டும்.

பார்க்கும் கண்ணாடி, அதாவது வியூஃபைண்டர், இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்எக்ஸ்100-ல் மூன்றாவது மார்க்கிலிருந்துதான் அது வந்தது. பனிமேல் வெயில் அடிக்கும்போது திரையில் உங்கள் மூஞ்சிதான் தெரியும். பேட்டரியைக் கழற்றிக் கீழே மேஜையில் வைத்துச் சுழற்றிவிடுங்கள். பம்பரம் மாதிரிச் சுற்றினால் உப்பியிருக்கிறது.

இவ்வளவையும் செய்ய இருபது நிமிஷம் ஆகும். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.